நீல ஹெல்மெட்டோடு நின்ற தம்பிக்கு

கடந்த சனிக்கிழமை மாலை, யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு கணினிக் கடை. நீல ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி எங்களுக்குப் பின்னால் நின்றீர்கள். பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன் தம்பி, அது இன்னும் மனதை உறுத்துகிறது.

சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த என் மகன், இரண்டு வருடங்கள் சேர்த்த காசில் கேமிங் கணினியைத் தானே பொருத்தப் போவதாக ஒரு பட்டியல் எழுதி வந்திருந்தான். பில் போடும் நேரத்தில், "அந்தத் தாளை ஒருமுறை பார்க்கலாமா?" என்று கேட்டீர்கள்.

பட்டியலில் இருந்த ரைசன் 5 5600 செயலி, அதாவது கணினியின் மூளை, ஏஎம்4 என்ற சொக்கெட்டில் (செயலி உட்காரும் இடம்) பொருந்துவது. பாகங்களையெல்லாம் இணைக்கும் பலகையாக அவன் எழுதியிருந்த பி650 மதர்போர்டில் இருப்பதோ ஏஎம்5. ஒன்றில் மற்றது உட்காரவே உட்காராது! ஏஎம்4 உள்ள பி550 போர்டும், அதற்குப் பொருந்தும் டிடிஆர்4 ரேமும் (தற்காலிக நினைவகம்) எடுக்கச் சொன்னீர்கள். 16 ஜிபி ஒன்றாக வேண்டாம், எட்டு எட்டாக இரண்டு போட்டால் வேகம் கூடும் என்றீர்கள். வண்ண விளக்குகள் வைத்த கணினிப் பெட்டியை விட்டு, அந்தக் காசை நல்ல பவர் சப்ளையில் போட வைத்தீர்கள். இதற்குள் உங்கள் முறை தவறிப்போனது, முகம் சுளிக்கவில்லை.

ஞாயிறு இரவு எல்லாம் பொருத்தியும் திரை கறுப்பாகவே இருந்தது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பிறகுதான் பட்டியலின் பின்பக்கத்தைத் திருப்பினான். உங்கள் கையெழுத்தில், அடிக்கோடிட்டு: "மொனிட்டர் வயரை கிராபிக்ஸ் கார்டில் செருகவும். இந்தச் செயலியில் கிராபிக்ஸ் இல்லை."

மதர்போர்டில் செருகியிருந்த வயரை, திரைக்குப் படம் அனுப்பும் அந்தக் கார்டில் மாற்றிச் செருகினான். திரை ஒளிர்ந்தது. அந்தத் தாள் இப்போது அவன் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது. மிக்க நன்றி தம்பி.