தட்டைத் தனியே வைக்கச் சொன்ன மருத்துவப் பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழின் மருத்துவப் பக்கத்தில் காசநோய் பற்றிய கட்டுரை வந்திருந்தது. அறிகுறி, சளிப் பரிசோதனை, மாத்திரை என்று எல்லாம் ஒழுங்காகச் சொல்லிவிட்டு, கடைசியில் கட்டம் கட்டி ஒரு வரி போட்டிருந்தீர்கள்: "நோயாளியின் தட்டு, டம்ளர், படுக்கை ஆகியவற்றைத் தனியே வைப்பது குடும்பத்தினருக்குப் பாதுகாப்பு." கட்டுரையை விட்டுவிட்டு அந்தக் கட்டத்தை மட்டும் யாரோ படம் பிடித்து என் சம்பந்தியம்மாளுக்கு அனுப்ப, அவர் எனக்கு அனுப்பினார். "பேப்பர்லயே போட்டிருக்கான். நாங்க செஞ்சதுல என்ன தப்பு?" என்று கேள்வியும் சேர்த்து.

அவர்கள் செய்தது இது. என் மகளுக்குக் கழுத்து நெறிக்கட்டியில் காசநோய் வந்தது. நுரையீரலில் இல்லை, இருமல் இல்லை. இவளிடமிருந்து யாருக்கும் தொற்றாது என்று மருத்துவர் மருமகனையும் உட்காரவைத்துத்தான் சொன்னார். ஆனாலும் அவள் தட்டு பின்கட்டுக்குப் போனது. துணியைத் தனியே துவைக்கச் சொன்னார்கள். ரிஃபாம்பிசின் மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்று நர்ஸம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தும், அதைப் பார்த்து ரத்தம் போகிறதென்று தெருவெல்லாம் பேச்சு. இந்த மாத்திரைகள் சாப்பிடும் தாய் பால் கொடுக்கலாம், அதையும் தடுத்தார்கள். முடிவில் குழந்தையை அங்கே வைத்துக்கொண்டு, "மருந்து முடியட்டும்" என்று அவளை மட்டும் என் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். பால் கட்டி, நெஞ்சு வலித்து அவள் அழுத அழுகையை நான் என்றும் மறக்கமாட்டேன். ஆறு மாத மாத்திரையும் என் வீட்டில்தான் சாப்பிட்டாள். எங்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்தாள், என் பாயிலேயே படுத்தாள். குணமானாள். எனக்கோ அவள் தம்பிக்கோ ஒன்றும் வரவில்லை.

ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை நான். நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் காற்றில் கலக்கும் கிருமியை மூச்சில் இழுத்தால்தான் இந்த நோய் தொற்றும், எச்சில் தட்டால் அல்ல என்பது பத்திரிகை நடத்தும் தங்களுக்குத் தெரியாததல்ல. அப்படியிருக்க அந்த வரி எப்படித் தங்கள் கண்ணைத் தப்பியது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

நோயாளியைத் தனியே வைக்க வேண்டுமா என்ற கேள்விக்கு விடையை உலகத்துக்குச் சொன்னதே நம் சென்னைதான். நோயாளியைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தனியே வைத்தால்தான் வீட்டார் பிழைப்பார்கள் என்று உலகமே நம்பிய காலம் அது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து இங்கே ஒரு மையம் தொடங்கின. சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வழிவந்ததுதான். நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறு பாதி நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும் கிடைத்தும், வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். குடும்பத்தாரையும் ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்ததால் அவர்களுக்குக் கூடுதலாக நோய் வரவில்லை. வீட்டாருக்குத் தொற்றுவதாக இருந்தால் பெரும்பாலும் சிகிச்சைக்கு முன்பே தொற்றிவிடுகிறது. மருந்து தொடங்கியதும் பரவுவது வேகமாகக் குறைந்துவிடுகிறது. ஆளையே ஊருக்கு வெளியே வைத்தும் கிடைக்காத பாதுகாப்பு, தட்டைத் தனியே வைத்தால் எங்கிருந்து வரும்?

அந்தக் கட்டத்தில் எழுத வேறு விஷயமா இல்லை? ஜன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது வாயை மூடுங்கள், வீட்டில் எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், நோய் வராமல் தடுக்கும் மாத்திரையைக் கேட்டு வாங்குங்கள், குழந்தைகளுக்கு அது மிக அவசியம் என்று நான்கு வரி போட்டிருக்கலாம். எத்தனை வீட்டுக்கு உதவியிருக்கும்!

சொல்ல ஆரம்பித்த பிறகு மற்றதையும் சொல்லிவிடுகிறேன். எலும்புருக்கி நோய்க்கு, அதாவது காசநோய்க்கு, லேகியம் என்று தங்கள் வரி விளம்பரப் பகுதியில் அடிக்கடி பார்க்கிறேன். காசநோயைக் குணமாக்குவதாக எந்த மருந்தையும் விளம்பரப்படுத்தக் கூடாது என்று 1954ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி நான் எழுதிய கடிதத்துக்குப் பதிலும் இல்லை, விளம்பரமும் நிற்கவில்லை. ஒரு மார்ச் 24 அன்று, காசநோய் தினச் செய்தியோடு மருத்துவமனை வரிசையில் நின்ற பெண்களின் முகம் தெரியும்படி படம் போட்டீர்கள். அதில் ஒருத்தி கல்யாணமாகாத பெண்ணாக இருந்தால் அவள் கதி என்னவென்று யாரும் யோசிக்கவில்லை. எலியிடம் செய்த சோதனையை "புற்றுநோய்க்கு மருந்து ரெடி" என்று முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். ஆனால் 2023இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வு தங்கள் பக்கங்களில் என் கண்ணில் படவே இல்லை. காசநோயாளியின் வீட்டாருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்ததில், அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளியின் தட்டு எங்கே இருக்கிறது என்பதை விட அதில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். 2018 முதல் மாதம் 500 ரூபாயாக இருந்து, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயான, காசநோயாளிக்கு அரசு தரும் சத்துணவு உதவித்தொகை பற்றியாவது எழுதுங்கள். வாங்கத் தெரியாமல் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

பல காலமாக இந்த வீட்டில் தங்கள் நாளிதழ்தான். பேப்பரில் வந்தால் உண்மை என்று என் மாணவர்களுக்குச் சொல்லி வளர்த்தவள் நான். அந்த நம்பிக்கையைத்தான் என் சம்பந்தியம்மாள் என்னிடமே திருப்பி நீட்டினார்.

நான் கேட்பது ஒரு திருத்தம். அதே மருத்துவப் பக்கத்தில், அதே கட்டத்தில், அதே எழுத்து அளவில்: காசநோய் தட்டு, டம்ளர், துணி வழியாகப் பரவாது, நோயாளியை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. ஏழாம் பக்கத்து மூலையில் பொடி எழுத்தில் போட்டால் யாரும் படம் பிடித்து அனுப்பமாட்டார்கள்.

மகள் இன்னும் அந்த வீட்டில்தான் வாழ வேண்டும். அதனால் என் பெயரையும் ஊரையும் தயவுசெய்து வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விருதுநகர் மாவட்டம்