சீனா கிளம்பும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய எட்டு நாள் பயணத் திட்டத்தை நேற்று ராத்திரி அப்பாவும் நானும் வரி வரியாகப் படித்தோம். பெய்ஜிங், ஷியான், ஷாங்காய். 2018 இல் நாங்கள் போனதும் இதே வழிதான். போனில் சொன்னால் பாதி உனக்கு மறந்துபோகும், பாதி எனக்கே மறந்துபோகும். அதனால் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

குழுவோடு போகிற பயணத்தில் பணத்தை முன்கூட்டியே கட்டிவிடுகிறோம். அங்கே போய் இறங்கிய பிறகு செலவாவது நேரம்தான். அது எங்கே போகிறது என்று நீதான் கவனித்துக்கொள்ள வேண்டும்.

ஷியானில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறைக்குக் காவலாகப் புதைத்த மண்சிலைப் படை இருக்கிறதே, அந்தச் சுடுமண் வீரர்களைப் பார்க்கப் போகிறோம் என்று காலையில் பஸ் கிளப்பினார்கள். வழியில் ஒரு ஜேட் கடையில், அந்தப் பச்சைக் கல் விற்கிற இடத்தில், நிறுத்தினார்கள். வளையல், யானை பொம்மை, மாலை என்று மாடி மாடியாக இரண்டு மணி நேரம். வெளியே வந்தபோது வெயில் ஏறிவிட்டது. அப்புறம் மூன்று குழிகளையும் பார்க்க எங்களுக்குக் கிடைத்தது நாற்பது நிமிடம். கைடு கொடியைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தார், நாங்கள் பின்னாலேயே ஓடினோம். 1974 இல் கிணறு தோண்டிய விவசாயிகளின் மண்வெட்டியில் தட்டுப்பட்டு, இன்றுவரை தோண்டி முடியாத இடம் அது. சுமார் 8,000 வீரர்கள் இருப்பார்கள் என்று கணக்கு. அதைப் பார்க்க நாற்பது நிமிடம். இத்தனை வருடம் ஆகியும் அந்த வருத்தம் எனக்குப் போகவில்லை.

அதனால் உன் திட்டத்தில் எத்தனை கடை இருக்கிறது என்று முதலில் பார்த்தேன். 'ஜேட் கலைக்கூடம்', 'தேநீர் அரங்கு', 'பட்டு ஆலை' என்று மூன்று இருக்கிறது. பெயர் எப்படி இருந்தாலும் மூன்றும் கடைதான். பயணக் கட்டணம் குறைவாக இருப்பதற்கு அந்தக் கடைகள் தரும் கமிஷனும் ஒரு காரணம். 2013 அக்டோபரில் சீனாவில் அமலுக்கு வந்த சுற்றுலாச் சட்டப்படி, பயணியின் சம்மதம் இல்லாமல் குறிப்பிட்ட கடைக்கு அழைத்துப்போகக் கூடாது. ஆனால் திட்டத்தில் எழுதியிருந்து நீ கையெழுத்தும் போட்டுவிட்டால், சம்மதித்துவிட்டாய் என்று சொல்ல அவர்களுக்கு இடம் கிடைக்கும். இன்னும் பத்து நாள் இருக்கிறதே, இப்போதே பேசு. ஜேட் வேண்டாம், அந்த நேரத்தைச் சுடுமண் வீரர்களுக்குக் கொடுங்கள் என்று எழுதிக் கேள். உன்னோடு வருகிறவர்களில் நான்கு பேர் சேர்ந்து கேட்டால் நிச்சயம் காதில் விழும்.

பட்டு ஆலைக்கு மட்டும் மனதாரப் போய் வா. காஞ்சிபுரத்தில் பிறந்துவிட்டு அதைப் பார்க்காமல் வரக் கூடாது. இரண்டு புழுக்கள் சேர்ந்து ஒரே கூடு கட்டிவிட்டால் நூல் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொள்ளும், நெசவுக்கு ஒழுங்காக இழை பிரிக்க வராது. அந்தக் கூடுகளை நனைத்து, நாலு பெண்கள் நாலு மூலையைப் பிடித்து இழுத்து, மேகம் மாதிரி விரித்து, அடுக்கடுக்காகப் போட்டுப் போர்வை செய்கிறார்கள். நெசவுத் தெருவிலேயே வளர்ந்த எனக்கு அது புதிதாக இருந்தது. என்னையும் ஒரு மூலையைப் பிடிக்கச் சொன்னார்கள். அவ்வளவு மெல்லியது, கையில் அவ்வளவு பலமாக இழுத்தது.

கைடிடம் கோபப்படாதே. குழுவோடு கடைசி வரை வருகிறவர் ஒருவர், ஒவ்வொரு ஊரிலும் சேர்ந்துகொள்ளும் அந்த ஊர்க்காரர் ஒருவர் என்று இரண்டு பேர் இருப்பார்கள். ஊர்க்காரரிடம்தான் நிறையக் கிடைக்கும். ஷியானில் எங்களுக்கு வந்த பெண்ணுக்கு அன்று உன் இப்போதைய வயதுதான் இருக்கும். கடையில் எங்களை உட்கார வைத்ததும் அவள்தான், மத்தியானச் சாப்பாட்டின்போது தன் கிண்ணத்தைத் தொடாமல் என் சைவச் சாப்பாட்டுக்காகச் சமையலறைக்கும் மேசைக்கும் நாலு முறை நடந்ததும் அவள்தான். அவளுக்கும் சம்பளம் அந்தக் கமிஷனில்தான் ஓடுகிறது என்று அப்பா சொன்னார். சாப்பிட்டாயா என்று கேள். நீ கேட்ட பிறகு அவர்கள் சொல்லும் கதை, மைக்கில் சொல்லும் கதையைவிட நன்றாக இருக்கும்.

அப்படிக் கேட்டதால்தான் எனக்கு ஒரு நல்ல மாலை கிடைத்தது. ஷியானில் பெரிய காட்டு வாத்துக் கோபுரம் என்று ஒன்று உண்டு. இந்தியாவிலிருந்து புத்தத் துறவி யுவான் சுவாங் கொண்டுபோன 657 நூல்களைப் பத்திரமாக வைக்க கி.பி. 652 இல் கட்டியது. கைடு அதைச் சொல்லிக்கொண்டே போனபோது, யுவான் சுவாங் எங்கள் ஊருக்கும் வந்திருக்கிறார், நான் காஞ்சிபுரம் என்றேன். அவள் கொடியை மடக்கிக்கொண்டு நின்றுவிட்டாள். பல்லவர் காலத்தில், 640 ஐ ஒட்டி அவர் காஞ்சிக்கு வந்ததையும், அங்கிருந்து இலங்கைக்குப் போக நினைத்துப் போகாமல் திரும்பியதையும் நான் சொன்னேன். அவர் ஊர் திரும்பிய 645 இல், அன்று தலைநகரமாக இருந்த அவள் ஊரே திரண்டு வரவேற்றதை அவள் சொன்னாள். அவள் ஊரிலிருந்து என் ஊருக்கு வந்த ஒருவரைப் பற்றி இரண்டு பேரும் கோபுரத்தடியில் நின்று பேசினோம். நீயும் அந்தக் கோபுரத்துக்குப் போவாய், நம் ஊர்ப் பெயரைச் சொல்.

பெய்ஜிங்கில் முதல் நாள் பழைய அரண்மனை, தடை செய்யப்பட்ட நகரம். 1420 இல் கட்டி முடித்தது, 24 பேரரசர்கள் இருந்த இடம். தெற்கு வாசலில் நுழைந்து வடக்கு வாசலில் வெளியேறுவதுதான் வழி, பாதியில் திரும்ப முடியாது. பழகிய செருப்பாகப் போட்டுக்கொள். பாஸ்போர்ட் அசல் கையில் வேண்டும், டிக்கெட் அந்த எண்ணில்தான். நடுவில் வரிசையாக மூன்று பெரிய மண்டபங்கள் வரும், கூட்டமெல்லாம் அங்கேதான் முண்டியடிக்கும். நீ ஓரங்களைப் பார். முற்றங்களில் பெரிய பெரிய செம்பு அண்டாக்களும் இரும்பு அண்டாக்களும் இருக்கும். மர அரண்மனை அல்லவா, தீப்பிடித்தால் அணைக்கத் தண்ணீர் நிரப்பி வைத்தார்கள். குளிர்காலத்தில் உறைந்துவிடாமல் அடியில் நெருப்பு மூட்டினார்கள். பெரும்பாலான கூரைகள் மஞ்சள் ஓடு, நூலகக் கூரை கறுப்பு. கறுப்பு தண்ணீரின் நிறம், புத்தகங்களைத் தீயிலிருந்து காக்கும் என்று நம்பினார்கள். அவ்வளவு பெரிய அரசர்களுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது, பார்.

வடக்கு வாசலில் வெளியே வந்ததும் எதிரே ஜிங்ஷான் குன்று. அகழி தோண்டிய மண்ணைக் குவித்து எழுப்பியது. மிங் வம்சத்தின் கடைசி அரசர் 1644 இல் தூக்குப் போட்டுக்கொண்டது அதன் அடிவாரத்தில்தான். எல்லோரும் களைத்துப்போய் பஸ்ஸைத் தேடிப் போய்விடுவார்கள். நீ அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு மேலே ஏறு. நடந்து வந்த அரண்மனை முழுவதும் மஞ்சள் கூரைகளாகக் காலடியில் தெரியும்.

பெருஞ்சுவருக்கு உங்களை முதியான்யூ பக்கம் கூட்டிப்போகிறார்கள், நல்லது. படிகள் ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது விரல் உயரம் என்று ஒழுங்கில்லாமல் இருக்கும், இறங்கும்போது கவனம். நம் பழைய வீட்டுச் சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் சேர்த்தார்கள் என்று தாத்தா சொல்வாரே, மிங் காலத்தில் அங்கே ஒட்டும் அரிசியின் கஞ்சியைச் சுண்ணாம்பில் கலந்திருக்கிறார்கள். செங்கல் இடுக்கை ஒருமுறை தொட்டுப் பார்.

சாப்பாட்டுக்கு 'வோ ச்சீ சூ' என்று சொல்லப் பழகிக்கொள், நான் சைவம் என்று அர்த்தம். அது மட்டும் போதாது, கறி வேண்டாம் என்பதற்கு 'பூ யாவ் ரோ' என்றும் சொல். காய்கறிப் பொரியலிலும் டோஃபுவிலும் கொத்துக்கறி தூவிவிடுவார்கள், அவர்களுக்கு அது ருசிக்குச் சேர்ப்பதுதான். உருளைக்கிழங்கு, கத்தரிக்காய், குடமிளகாய் மூன்றையும் வதக்கி ஒரு பொரியல் தருவார்கள், சோற்றோடு அருமையாக இருக்கும். வெந்நீர் எங்கும் கிடைக்கும், ரயிலிலும் குழாய் இருக்கும். பிளாஸ்க் எடுத்துப் போ. கழிப்பறைக்குக் காகிதமும் கைப்பையில் வைத்துக்கொள்.

நம் ஊர் சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டு போ, ஓட்டல் வைஃபையில் வாட்ஸ்அப் வராது. அங்கே பணம் கட்ட உதவும் அலிபே செயலியில் கார்டை இங்கேயே சேர்த்துவிடு. ஷியானிலிருந்து ஷாங்காய்க்கு விமானம் என்று போட்டிருக்கிறது. 3சி என்ற சீனப் பாதுகாப்பு முத்திரை இல்லாத பவர் பேங்க்கை 2025 ஜூன் முதல் அங்கே உள்நாட்டு விமானங்களில் ஏற்றுவதில்லை, உன்னுடையதைத் திருப்பிப் பார். தெருவில் நன்றாக ஆங்கிலம் பேசி, வா, டீ குடிக்கலாம் என்று யாராவது சிரித்துக்கொண்டே கூப்பிட்டால் நன்றி சொல்லிவிட்டு நடந்துவிடு. ஒரு கோப்பைக்குப் பெரிய பில் வந்து நிற்கும், எங்கள் குழுவில் ஒருவருக்கு நடந்தது.

ஷாங்காயைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. அங்கே உனக்கே எல்லாம் பிடிக்கும்.

மறுபடியும் அந்த நாற்பது நிமிடத்துக்கே வருகிறேன். முதல் குழியின் முகப்பில் ஒன்றரைக் கை இடத்துக்கு எல்லோரும் இடித்துக்கொண்டு படம் எடுப்பார்கள். நீ பக்கவாட்டு நடைபாதையில் நேராகப் பின்னால் போய்விடு. அங்கேதான் உடைந்த வீரர்களைத் துண்டு துண்டாக ஒட்டி நிறுத்துகிறார்கள். தலையில்லாதவர், கை வராதவர், இடுப்பில் கட்டுப் போட்டவர் என்று வரிசையாக நிற்பார்கள். இவர்கள் எல்லோர் மேலும் ஒரு காலத்தில் வண்ணம் இருந்தது. மண்ணிலிருந்து எடுத்த சில நிமிடங்களிலேயே அடியிலிருந்த அரக்குப் பூச்சு காய்ந்து சுருண்டு, வண்ணம் உதிர்ந்துவிட்டது. பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறையை இன்னும் திறக்காமல் வைத்திருப்பதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.

அப்புறம் இரண்டாம் குழிக் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு முழங்காலை ஊன்றிய வில்வீரன் இருப்பான். எல்லோரும் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நீ பின்பக்கம் போய்க் குனிந்து பார். குதிகால் தூக்கியிருப்பதால் செருப்பின் அடிப்பாகம் தெரியும். விரல் பக்கமும் குதிகால் பக்கமும் நெருக்கமாக, நடுவில் இடைவெளி விட்டுத் தையல் போட்டிருப்பதை அந்தக் குயவர் களிமண்ணில் ஒவ்வொன்றாகக் குத்தி வைத்திருக்கிறார். நான் அதைப் பார்க்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா தன் போனில் காட்டியபோதுதான் அப்படி ஒன்று இருந்ததே தெரிந்தது.

அதை ஒரு படம் எடுத்து அனுப்பு. அங்கே ராத்திரி எட்டு மணி என்றால் நமக்குச் சாயங்காலம் ஐந்தரை, நாங்கள் வீட்டில்தான் இருப்போம்.

அன்புடன்,
அம்மா