மினுமினுக்கும் மையைப் பேனாவில் நிரப்பும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பிரெஞ்சு நிறுவனமான ஹெர்பின் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'எமரால்ட் ஆஃப் சிவோர்' மையை எங்களிடம் வாங்கிச் சென்ற சிலர், புட்டியின் அடியில் ஏதோ படிந்திருப்பதாகவும், எழுதிப் பார்த்தால் படத்தில் கண்ட பொன்மினுக்கு வரவில்லை என்றும் தெரிவித்தார்கள். மை கெட்டுப்போகவில்லை. அடியில் படிந்திருப்பவைதான் அந்தப் பொன்மினுக்கைத் தரும் துகள்கள். விற்கும்போதே இதைச் சொல்லாமல் விட்டது எங்கள் தவறு.

வழக்கமான பேனா மையில் சாயம், சர்க்கரை தண்ணீரில் கரைவதுபோல் முழுவதும் கரைந்திருக்கும். மினுமினுப்புத் துகள்கள் அப்படிக் கரைவதில்லை. மஞ்சள் தூளைக் கலக்கி வைத்த நீர்போல, சற்று நேரம் மிதந்துவிட்டு அடியில் தங்கிவிடும். ஆகவே நிரப்பும் முன், புட்டியை மூடியபடியே சில முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, அடியில் படிவு இல்லாததைக் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். வேகமாகக் குலுக்கினால் நுரைதான் மிஞ்சும்.

இந்த மையைக் கடையிலேயே மூன்று பேனாக்களில் நிரப்பி ஒரு வாரம் எழுதிப் பார்த்தோம். பட்டை நிப்பில் மயில்கழுத்து நிறத்தின் மேல் பொன் தெளிவாக மின்னியது. நடுத்தர நிப்பில் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது தெரிந்தது. மெல்லிய நிப்பில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மெல்லிய நிப்பு மட்டுமே வைத்திருப்பவர்கள் இந்த மைக்குச் செலவிட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து, விற்பனை குறைந்தாலும் பரவாயில்லை. எழுத்தின் ஓரங்களில் எழும் செந்நிறப் பளபளப்பு வேறு வகை: அது துகளால் வருவதன்று, உறிஞ்சப்படாத சாயம் தாளின் மேற்பரப்பிலேயே உலர்வதால் வருவது. சாதாரணக் கோடு போட்ட நோட்டில் மை உள்ளே இறங்கிவிடுவதால் அந்தச் சிவப்பை நாங்கள் காணவேயில்லை. வழவழப்பான தாளில் கண்டோம், ஆனால் அங்கே உலர்வதற்கு நேரம் பிடித்தது, கை பட்ட இடமெல்லாம் தீற்றலாயிற்று.

பேனாவை இரவு முழுதும் நிப்பு மேலாக நிறுத்தி வைத்தால், துகள்கள் பின்புறம் இறங்கி, காலையில் முதல் சில வரிகள் பொன்னின்றி வருகின்றன. நிப்பு கீழாக வைத்தால் அதைவிடத் தொல்லை. துகள்கள், நிப்புக்கு மையைக் கொண்டுவரும் அடிக்கட்டையில் சேர்ந்து மை ஓட்டத்தை அடைத்துவிடுகின்றன. படுக்கை வாட்டில் வைத்து, எழுதும் முன் விரல்களுக்கிடையே மெல்ல உருட்டுவது போதுமானதாக இருந்தது. சில நாள் எழுதப் போவதில்லை என்றால் மையை வெளியேற்றி, சாதாரணத் தண்ணீரைப் பலமுறை இழுத்துப் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். வெந்நீர் வேண்டாம். எளிதில் கழற்ற முடியாத பழைய பேனாக்களிலும், தாத்தா காலத்துப் பேனாக்களிலும் இதை நிரப்பவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். தண்ணீர் பட்டால் எழுத்து கரையும் என்பதால் காசோலைக்கும் உறைமேல் முகவரிக்கும் இது ஏற்றதன்று.

இனி 50 மில்லி புட்டியை வாங்கும் முன், 3 மில்லி மாதிரிக் குப்பியை வாங்கிப் பார்க்கலாம். பிறகு முழுப்புட்டி வாங்கினால் குப்பியின் விலையைக் கழித்துக்கொள்வோம். உங்கள் பேனாவையும் நீங்கள் வழக்கமாக எழுதும் தாள் ஒன்றையும் கடைக்குக் கொண்டுவந்தால், தொட்டு எழுதிப் பார்க்கவும் வசதி செய்திருக்கிறோம். ஏற்கெனவே வாங்கி, பேனா அடைத்துக்கொண்டவர்கள் அதை எடுத்து வாருங்கள். கட்டணமின்றிக் கழுவித் தருகிறோம்.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தார்