ஜரிகை மேல் கிடந்த கறுப்பு இழை

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் கண் முகாம் அறிவிப்பு வந்தால் அதை வெட்டி எடுத்துத் தெருவில் காட்டுகிறவன் நான். என் இடக்கண் புரையும் ஒரு முகாமில்தான் போயிற்று. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த முகாம்வரை காத்திருக்கக் கூடாத கோளாறும் கண்ணில் வரும் என்பதை அந்த அறிவிப்புகளில் நான் பார்த்ததில்லை.

திருபுவனத்தில் 36 ஆண்டுகளாகப் பட்டு நெய்கிறேன். சென்ற ஐப்பசியில், தீபாவளிக்குக் கொடுக்க வேண்டிய சேலை தறியில் இருந்தது. முந்தி ஓடிக்கொண்டிருந்தபோது ஜரிகை மேல் ஒரு கறுப்பு இழை கிடந்தது. விரலால் எடுத்தேன், வரவில்லை. ஊதினேன், போகவில்லை. கரைப் பக்கம் திரும்பினால் அதுவும் கரைக்கு வந்தது. இழை துணியில் இல்லை, என் கண்ணில் இருக்கிறது என்று புரியவே கால் மணி நேரம் ஆயிற்று. மறுநாள் மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளிகள். இரவு விளக்கை அணைத்துப் படுத்தால் இடது ஓரத்தில் பளிச் பளிச்சென்று வெளிச்சம். "மின்னுகிறது, கொடியில் கிடக்கும் துணியை எடு" என்றேன். மனைவி வாசலுக்குப் போய் வந்து, "வானம் நிறைய நட்சத்திரம், மின்னலாவது ஒன்றாவது" என்றாள்.

கண்ணாடிக் கடைக்குப் போனேன். கணினிப் பெட்டியில் முகத்தை வைக்கச் சொல்லி, பவர் மாறியிருக்கிறது என்று புதுக் கண்ணாடிக்கு முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். கண்ணின் பின்பக்கம் உள்சுவரில் ஒட்டியிருந்து காட்சியை வாங்கும் விழித்திரை கிழிந்திருப்பது அந்தப் பெட்டிக்குத் தெரியாது. தெருவில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னார்கள். எங்கள் ஊரில் கண்ணுக்கு எது வந்தாலும் அது சூடுதான்.

ஒன்பதாம் நாள் காலையில், தூசி விழுந்ததென்று வலக்கண்ணைக் கசக்கும்போதுதான் தெரிந்தது, இடக்கண்ணில் கீழ்ப்பாதி இல்லை. தட்டில் இருந்த இட்லியைக் காணவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவளின் நெற்றிப் பொட்டு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. இத்தனை நாள் நல்ல கண் மற்றதன் குறையை மூடிவைத்திருக்கிறது.

அன்றே தஞ்சாவூருக்குப் போனோம். பாவை விரிய மருந்து விட்டு, உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தார் மருத்துவர். வயதாகும்போது கண்ணுக்குள் இருக்கும் கூழ் சுருங்கி விழித்திரையை இழுக்குமாம். பலருக்கு இழையும் புள்ளியுமாகப் பூச்சி பறப்பதுபோல் தெரிவதோடு நின்றுவிடும். சிலருக்குத் திரை கிழியும். கிழிசல் வழியே நீர் புகுந்தால், ஓதம் ஏறிய சுவரில் சுண்ணாம்பு உரிவதுபோல் திரையே உரிந்துவிடும். சிறு வயதிலிருந்தே கிட்டப்பார்வைக்கு மைனஸ் ஏழு கண்ணாடி போட்டவன், புரை அறுவையும் ஆனவன். எனக்கு இரண்டு விதத்திலும் ஆபத்து கூடுதல். வலிக்கவில்லையே, சிவக்கவில்லையே என்றேன். விழித்திரைக்கு வலி தெரியாது என்றார். கிழிசலோடு நின்றிருந்தபோதே வந்திருந்தால் லேசரால் அதைச் சுற்றி அடைத்து அன்றே வீட்டுக்கு அனுப்பியிருக்கலாமாம்.

எனக்கு அறுவை சிகிச்சை செய்து, கண்ணுக்குள் வாயு நிரப்பி, பத்து நாள் குப்புறக் கிடக்கச் சொன்னார்கள். தீபாவளி அப்படியே போயிற்று. பார்வை ஓரளவு திரும்பியது. ஆனால் இடக்கண்ணால் மட்டும் பார்த்தால் பாவு இழைகள் நடுவில் நெளிகின்றன. திரையின் மையமும் உரிந்துவிட்டதால் வந்த வினை. கரையைச் சேலை உடலோடு கோத்து நெய்யும் கோர்வை வேலையைத் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டேன். நான் நாடாவுக்குள் போடும் தார்க்குச்சியில் ஊடை நூல் சுற்றுகிறேன்.

தங்களிடம் கேட்பது இது. முகாம் அறிவிப்பு போடும்போது, கீழே இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்: திடீரென்று கண்ணில் பூச்சி பறப்பதுபோல் தெரிந்தாலோ, மின்னல் அடித்தாலோ, பார்வையின் ஓரத்தில் திரைச்சீலை போட்டதுபோல் மறைத்தாலோ முகாமுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய், மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். தினமும் ஒரு கண்ணைப் பொத்தி மறு கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் தெரு மருந்துக்கடைச் சுவரில் இதையே அட்டையில் எழுதி ஒட்டினேன். அதன் மேல் இப்போது காதுகுத்து விழாவுக்கு ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். உங்கள் பக்கத்தில் வந்தால் யாரும் ஒட்டி மறைக்க முடியாது.

இப்படிக்கு,
ஒரு பட்டு நெசவாளர்,
திருபுவனம், தஞ்சாவூர் மாவட்டம்.