பர்ஹர்வா பயணம்: மூன்று மாதமாகப் பதில் இல்லாத புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர் அவர்கள், தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: டிசம்பர் 28 முதல் 30 வரையிலான ஜார்க்கண்ட் கஸ்டம் சுற்றுலா பேக்கேஜ். ஆறு பேர். முழுத் தொகையையும் திருப்பித் தருவது குறித்து.

ஐயா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் நான்காவது புகார். முதல் மூன்றையும் உங்கள் ஆப்பில் டிக்கெட்டாகப் போட்டேன். மூன்றையும் "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டீர்கள். யார் தீர்த்தார்கள், எதைத் தீர்த்தார்கள் என்று ஒரு வரி கூட இல்லை. அதனால் இந்த முறை தாளில் எழுதி, ஒப்புகையோடு தபாலில் அனுப்புகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

வாடிக்கையாளர் கேட்கும் இடங்களுக்கே பயணம் போட்டுத் தரும் உங்கள் கஸ்டம் பேக்கேஜ் எப்படி இயங்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வழித்திட்டத்துக்கு எதிரில் பச்சை டிக் விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு எதுவும் மாறாது என்பது நீங்கள் சொன்னதுதான். எங்களுக்கு நவம்பர் 11-ஆம் தேதியே பச்சை டிக் விழுந்துவிட்டது. சீனியர் கேருக்கு 18,000 ரூபாய் தனியாக வாங்கினீர்கள். மொத்தம் 2,46,000 ரூபாய். இன்று வரை ஒரு ரூபாய் பாக்கி வைத்ததில்லை.

என் அப்பா 1981 முதல் 1995 வரை ராஜ்மகல் மலையில் மால்தோ மொழி பேசும் பழங்குடி மக்களிடையே மிஷனரியாக இருந்தவர். அப்போது அது பீகார். சாகிப்கஞ்ச், பர்ஹர்வா, பர்ஹேட் என்றெல்லாம் முன்பதிவு செய்தபோதே எழுத்துக்கு எழுத்து தட்டச்சு செய்து கொடுத்தேன், வரைபடத்தில் புள்ளி வைத்தும் அனுப்பினேன். பர்ஹேட்டைத் தாண்டி ஒரு மலையடிவாரம், அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் ஏறினால் கிராமம். அப்பாவுக்கு 74 வயது, அம்மாவுக்கு 70. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. அவர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிப்போக ஆள் ஏற்பாடு செய்வதற்குத்தான் அந்த 18,000.

டிசம்பர் 28 விடியுமுன் ஹவுரா ரயிலிலிருந்து பர்ஹர்வா ஜங்ஷனில் இறங்கினோம். பனி. எதிர் பிளாட்பாரம் தெரியவில்லை. என் சின்ன மகள் பல் கிட்டிப்போய் நடுங்கினாள். வண்டி இல்லை. உங்கள் டிரைவர் எண்ணுக்கு அடித்தேன். அவர் நல்ல மனிதர், தூக்கக் கலக்கத்திலும் மரியாதையாகப் பேசினார். "சார், நான் ராஞ்சி ஸ்டேஷனில் நிற்கிறேன், நீங்கள் எந்தப் பிளாட்பாரம்?" என்று கேட்டார்.

ராஞ்சி! ராஞ்சிக்கும் பர்ஹர்வாவுக்கும் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். மாநிலத்தின் ஒரு கோடி அது, மறுகோடி இது. கன்னியாகுமரியில் இறங்கியவனுக்கு திருச்சியில் வண்டி நிறுத்தியது மாதிரி. ஜார்க்கண்ட் என்றால் ராஞ்சி என்று உங்கள் ஆட்களில் யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார். பிளாட்பாரத்தில் காலை பதினொன்றரை வரை உட்கார்ந்திருந்தோம். ஏழு மணி நேரத்துக்கு மேல். அந்த நேரமெல்லாம் உங்கள் உதவி எண்ணில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாக உங்கள் அதிகாரி ஒருவர் போனில் கிடைத்தார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அழைப்புப் பதிவு உங்களிடம் இருக்கும், டிசம்பர் 28, காலை 9.40. எடுத்துக் கேளுங்கள். முதலில் "லோக்கல்ல ஒரு வண்டி புக் பண்ணிக்குங்க சார்" என்றார். யார் பணத்தில் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "சார், அங்க பாக்க ஒண்ணுமே இல்லையே. நாங்களே உங்களுக்கு தேவ்கர், பாரஸ்நாத் போட்டுத் தரலாம்னு இருந்தோம். கல்லறையைப் பாக்க யாராவது டூர் போவாங்களா?"

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தக் கல்லறை என் தம்பியுடையது. 1987-இல் மூளை மலேரியாவில் இறந்தான். இரண்டு வயதும் நான்கு மாதமும். காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் ராத்திரி வலிப்பு வந்தது. அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் மலை இறங்கினார். பாதி வழியிலேயே முடிந்துவிட்டது. திரும்ப மேலே கொண்டுபோய், கிராமத்து ஓரத்தில் ஓர் இலுப்பை மரத்தடியில் வைத்தார்கள். எனக்கு அப்போது ஐந்து வயது. ஊர் ஆட்கள் குழியின் மேல் கல் அடுக்கியது எனக்கு நினைவிருக்கிறது, வேறு எதுவும் நினைவில்லை. அதற்குப் பிறகும் எட்டு வருடம் அப்பாவும் அம்மாவும் அங்கேயே இருந்தார்கள்.

இதை ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், முன்பதிவுப் படிவத்தில் "பயணத்தின் நோக்கம்" என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் இதையெல்லாம் எழுதியிருந்தேன். ஒருவரும் படிக்கவில்லை.

அந்த அதிகாரி இன்னொன்றும் கேட்டார். "தமிழ்நாட்டுக்காரங்களுக்கு அங்க என்ன சார் வேலை?" அவருக்குத் தெரியாவிட்டாலும் உங்களுக்காவது தெரியட்டும். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் பல வீடுகளில் சோறு வடிக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். அந்தக் காணிக்கையில் வட இந்தியாவுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். ராஜ்மகல் மலையில் மலேரியாவும் காலா அசாரும் வீட்டுக்கு வீடு இருந்த காலம். காலா அசார் மணல் ஈ கடித்து வருவது. வயிறு வீங்கி, உடம்பு கறுத்து, கவனிக்காவிட்டால் சாவுதான். அப்போது தினம் ஓர் ஊசி வீதம் இருபது நாளைக்கு மேல் போட வேண்டும். மலையில் இருப்பவர்கள் தினமும் இறங்கி வர முடியுமா? அப்பா நோயாளிகளைக் கீழே கூட்டிவந்து, ஊசி முடியும்வரை கூடவே தங்கி, கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்கிறார். சாகிப்கஞ்ச், பாகூர் மாவட்டங்களில் காலா அசார் இன்றும் முழுதாகப் போய்விடவில்லை. பார்க்க ஒன்றுமே இல்லாத இடமாம்.

மொழியும் நம் குடும்பத்து மொழிதான். மால்தோ திராவிட மொழி. இடையன்குடியில் இருந்த கால்டுவெல் தன் ஒப்பிலக்கணத்தில் ராஜ்மகல் மொழியையும் சேர்த்திருக்கிறார். நான் என்பதற்கு அவர்கள் 'ஏன்' என்பார்கள், நீ என்பதற்கு 'நீன்', தண்ணீருக்கு 'அமு'. இடையில் வங்காளமும் இந்தியும் சந்தாலியும் இருக்க, இத்தனை தொலைவில் போய் நம் வார்த்தையைக் கேட்டபோது அழுகை வந்தது என்று அம்மா சொல்வார்கள்.

சரி, புகாருக்கு வருகிறேன்.

உள்ளூரில் ஒரு பொலேரோ பிடித்தோம். இரண்டு நாளைக்கு 9,500 ரூபாய், என் பணம். சாகிப்கஞ்ச் ஓட்டலில் உங்கள் வவுச்சரைக் காட்டினால், "பணம் வரவில்லை, ரூம் இல்லை" என்றார்கள். வேறு இடத்தில் 7,200. முதல் நாள் இப்படியே போனது. "நாளைக்கு ஒரு நாள், அதுக்கடுத்து ஒரு நாள் இருக்குல்லா, விடு ராசா" என்று அம்மாதான் எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

இரண்டாம் நாள் காலையில்தான் திரும்பும் டிக்கெட்டைச் சரியாகப் பார்த்தேன். முந்தின நாளே பார்த்திருக்க வேண்டும் என்று சொல்வீர்கள். பச்சை டிக் விழுந்த வழித்திட்டத்தில் 30-ஆம் தேதி இரவு ரயில். நீங்கள் கடைசி நேரத்தில் அனுப்பிய டிக்கெட்டில் 29. அதாவது அன்றைக்கே. ஹவுராவிலிருந்து சென்னை ரயிலையும் அதற்கேற்ப ஒரு நாள் முன்னால் போட்டிருந்தீர்கள். புத்தாண்டு நெரிசலில் ஆறு பேருக்கு வேறு டிக்கெட் எங்கே கிடைக்கும்? உதவி எண்ணில் கேட்டால், மாற்றித் தரலாம், கட்டணம் உண்டு, ஆனால் இடம் இல்லை என்றார்கள்.

மலையடிவாரத்தை அடைந்தபோது மணி ஒன்றரை. வழியெல்லாம் கல் குவாரி லாரிகள், கிரஷர் தூசி. அப்பா அடையாளம் வைத்திருந்த ஒரு குன்றைப் பாதிக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். நாற்காலியும் இல்லை, தூக்க ஆளும் இல்லை. அப்படி யாரும் தன்னிடம் கேட்கவில்லை என்று உங்கள் உள்ளூர் ஏஜென்ட் போனில் சொன்னார். ஏற ஒன்றரை மணி, இறங்க ஒரு மணி. நான்கு மணிக்குள் கிளம்பினால்தான் அந்தப் பாதையில் இருட்டுமுன் ரோட்டைப் பிடித்து, சாமான் எடுத்து, ரயிலுக்குப் போக முடியும் என்றார் பொலேரோக்காரர். பெற்றவர்களைக் கீழே விட்டுவிட்டு நான் மட்டும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.

அப்பா வந்திருக்கிறார் என்று யாரோ மேலே போய்ச் சொல்லியிருக்கிறார்கள். பத்துப் பதினைந்து பேர் இறங்கி வந்தார்கள். அதில் ஒரு பெரியவர், அப்பாவிடம் சிறுவனாக எழுத்துப் படித்தவராம், அப்பாவின் உள்ளங்கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு விடவே இல்லை. அப்பாவுக்கு 29 வருடமாகப் பேசாத பாஷை. வாய் திறந்து திறந்து மூடினார். கடைசியில் "அமு" என்றார். ஒரு பெண் ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அப்புறம்தான் மற்ற வார்த்தைகள் வந்தன. அந்தப் பெரியவர் துணியில் முடிந்து ஒரு படி அளவு பர்பட்டி கொடுத்தார். நம் தட்டாம்பயறுதான். மலைச்சரிவில் அவர்கள் விதைப்பது.

நாற்பது நிமிடம். 2,46,000 ரூபாய்க்கு நாங்கள் பெற்றது இந்த நாற்பது நிமிடம்தான். அதுவும் உங்களால் கிடைத்ததல்ல.

அம்மா ஒரு கல் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் ஊர் நாசரேத்தில் கொத்தவைத்தது, கறுப்புக் கிரானைட், ஒரு அடி நீளம், ஆறு கிலோ. தம்பி பெயரும் இரண்டு தேதிகளும். ரயிலில் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுத்தார்கள். "அந்த ஊர்க்காரங்ககிட்டயே கொடுத்துட்டு வந்திருக்கலாமே" என்று அதே அதிகாரி ஜனவரி 6-ஆம் தேதி என்னிடம் கேட்டார். தன் கையால் வைக்க வேண்டும் என்றுதான் அம்மா 37 வருடம் காத்திருந்தார்கள். கல்லை அப்படியே திரும்பக் கொண்டுவந்தோம். இப்போது எங்கள் வீட்டுத் திண்ணையில், சுவரோடு சாய்த்து, துணி போட்டு மூடியிருக்கிறது. அதைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

உங்கள் திருநெல்வேலி வண்ணார்பேட்டை கிளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜனவரி 20-ஆம் தேதி நேரில் வந்தால் தீர்த்துவிடலாம் என்று குறுஞ்செய்தி அனுப்பியது நீங்கள். வேலைக்கு விடுப்புப் போட்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு நாசரேத்திலிருந்து பஸ்ஸில் போனேன். அப்பா வெள்ளைச் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு, வவுச்சர்களையெல்லாம் பைபிளுக்குள் வைத்து எடுத்துவந்தார். இரண்டு மணி நேரம் மாடிப்படியில் நிற்க வைத்தார்கள். பிறகு கஸ்டம் பேக்கேஜுக்கும் கிளைக்கும் சம்பந்தமில்லை, சென்னைக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். அப்படியானால் வரச்சொன்னது யார்? குறுஞ்செய்தி தானாகப் போவதாம். தானாகப் போகிற செய்திக்கு 74 வயதுக்காரர் மாடி ஏற வேண்டுமா? அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அங்கிருந்த பையனுக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினார். எனக்குத்தான் ஆறவில்லை, இன்றும் ஆறவில்லை. ராஞ்சி விஷயத்தைக் கூட மறந்தாலும் மறப்பேன், அந்த மாடிப்படியை மறக்க மாட்டேன்.

உங்கள் நிறுவனத்தில் நல்லவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த ராஞ்சி டிரைவர் பிறகு மூன்று முறை தானே கூப்பிட்டு, ஊர் போய்ச் சேர்ந்தீர்களா என்று விசாரித்தார். நீங்களும் இதைக் கண்ணியமாக முடிப்பீர்கள் என்றுதான் இன்னமும் நம்புகிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். கட்டிய 2,46,000 ரூபாய், நான் கையிலிருந்து செலவழித்த 16,700 ரூபாய், ஆக மொத்தம் 2,62,700. ரயில் டிக்கெட்டைப் பயன்படுத்தினீர்களே என்று கழிக்காதீர்கள். தவறான தேதிக்கு எடுத்த டிக்கெட்தான் இத்தனையையும் கெடுத்தது. கூடவே, அந்த அதிகாரி என் அம்மாவுக்கு எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

15 நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. இந்த முறை நீங்கள்தான் தூத்துக்குடிக்கு வர வேண்டியிருக்கும். அங்கே இந்தத் தொகையோடு நிற்க மாட்டேன், மன உளைச்சலுக்குப் பத்து லட்சம் கேட்பேன். எங்கள் குடும்பம் இழந்ததற்கு பத்துக் கோடியும் போதாது. வழித்திட்டம், இரண்டு டிக்கெட்டுகள், ஓட்டல் வவுச்சர், குறுஞ்செய்தி எல்லாவற்றின் நகலையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். அசல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். போனில் பேசுவதாக இருந்தால் என் செல் எண்ணுக்கு மட்டும் கூப்பிடுங்கள். வீட்டு எண்ணுக்கு வேண்டாம். உங்கள் அலுவலகத்திலிருந்து என்றதும், திரும்பப் போக நாள் குறித்துவிட்டார்கள் என்று அம்மா நினைத்துக்கொள்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
நாசரேத், தூத்துக்குடி மாவட்டம்.