நடந்தால் மட்டும் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன இதழில் மாதவிடாய் நிற்கும் காலத்தைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நடுராத்திரியில் உடம்பு திடீரென்று கொதித்து வேர்ப்பது, தூக்கம் கெடுவது, ஒன்றுமில்லாத விஷயத்துக்கு எரிந்து விழுவது, எல்லாம் உள்ளது உள்ளபடி இருந்தது. ஆனால் உடற்பயிற்சி என்று வந்ததும் தினமும் அரைமணி நேரம் நடக்கச் சொல்லி ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதே மாதிரி ஒரு வரியை நம்பி ஐந்து வருஷம் நடந்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு இப்போது 54 வயது. 47இல் மாதவிடாய் நின்றது. அன்றிலிருந்து பள்ளிக்கூட மைதானத்தைத் தினமும் எட்டுச் சுற்று, மழை பெய்தாலொழிய விட்டதில்லை. மூச்சு வாங்குவது குறைந்தது, மனசும் லேசாக இருந்தது, அதையெல்லாம் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வளைகாப்பு வீட்டில் பாயில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையால் மதினியின் தோளைப் பிடித்து, அவர்கள்தான் என்னைத் தூக்கிவிட்டார்கள். மதினிக்கு வயது 61. அதே மாதம் எலும்பு ஸ்கேன் எடுத்ததில் எலும்புத் தேய்மானத்துக்கு முந்தைய கட்டத்தில் இருப்பதாக வந்தது. மூன்று மாதச் சர்க்கரை அளவும் (HbA1c) 6.3, அதாவது சர்க்கரை நோயின் எல்லையில் நின்றேன்.

டாக்டரம்மா கால்சியம், வைட்டமின் டி எழுதிக் கொடுத்துவிட்டு, "வெயிட் ஏதாவது தூக்குவீங்களாம்மா?" என்று கேட்டார். தினமும் நடக்கிறேன் என்றேன். "நடக்கிறது இதயத்துக்கு நல்லது. எலும்புக்கு அது பத்தாது, அதுக்குப் பாரம் வேணும்" என்றார். 52 வயதில்தான் இதை முதல்முறையாகக் கேட்கிறேன்.

அப்புறம் அவர் விளக்கியது இதுதான். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உடம்பில் இருக்கும்வரை எலும்பைக் கரைக்கும் செல்களை ஓர் அளவுக்குள் அடக்கி வைக்கிறது. மாதவிடாய் நின்று அது குறைந்ததும் அந்தக் கட்டுப்பாடு போய்விடுகிறது, முதல் ஐந்து முதல் ஏழு வருஷத்திலேயே எலும்பு அடர்த்தியில் 20 சதவீதம் வரைகூடப் போய்விடலாம். தசையோ முப்பது வயதிலிருந்தே பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் என்று கரைந்துகொண்டிருக்கிறது. எந்த உடற்பயிற்சியும் போன ஈஸ்ட்ரோஜனைத் திருப்பிக் கொண்டுவராது, அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் பாரம் தூக்கும்போது தசை எலும்பை இழுக்கிறது, அந்த இழுவையை உணர்ந்து எலும்பு தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்கிறது. வேலை செய்யும் தசை இன்சுலினுக்குக் காத்திருக்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது, அடுத்து வரும் இன்சுலினும் கொஞ்சத்திலேயே வேலையை முடிக்கிறது. ஒரு ஹார்மோன் கைவிட்ட வேலையை வேறு வழியாகச் செய்துகொள்ள உடம்புக்கே தெரியும், நாம் பாரம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2018இல் வெளியானது. சராசரி வயது 65. ஒரு பாதியினர் வாரம் இரண்டு நாள், அரைமணி நேரம், பக்கத்தில் பயிற்சியாளர் நிற்க, கனமான எடையைத் தூக்கினார்கள். மற்றவர்கள் வீட்டில் லேசான பயிற்சி செய்தார்கள். எட்டு மாதம் கழித்துப் பார்த்தால் தூக்கியவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியிருந்தது, மற்றவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்திருந்தது. அதற்கும் முன்னால், 1990இலேயே அமெரிக்காவின் பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த தொண்ணூறு வயதுக்காரர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்ததில் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில்! இங்கே ஐம்பதைத் தொட்டாலே "இனிமே எதையும் தூக்காதே" என்கிறோம்.

"வீட்டு வேலையே பெரிய எக்சர்சைஸ்தானே" என்று என்னிடம் கேட்காத ஆளில்லை. இதற்கு நான் கோபப்படாமல் பதில் சொல்லப் பழகிவிட்டேன். வீட்டு வேலை உடம்பைக் களைப்பாக்கும், வலுவாக்காது. முப்பது வருஷமாக அதே குடம், அதே எடை. உடம்பு முதல் சில மாதத்திலேயே அதற்குப் பழகிவிடும், அதற்கு மேல் தசை வளர வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. எடை கூடிக்கொண்டே போக வேண்டும், அதுதான் பயிற்சி.

நான் ஆரம்பித்தது நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுவதில். முதல் நாள் ஆறு தடவைக்கு மேல் வரவில்லை, தொடை நடுங்கியது. பிறகு சுவரில் கை வைத்துத் தண்டால், பிறகு இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள், பிறகு ஐந்து கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து முதுகு வளையாமல் எடுத்து வைப்பது. ஐந்தாவது மாதம் ஒரு ஜிம்மில் பெண்கள் நேரத்தில் சேர்ந்தேன். சுடிதாரோடுதான் போகிறேன், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இன்றைக்கு 40 கிலோ கம்பியைத் தரையிலிருந்து தூக்கி நிற்கிறேன். கம்பியில் பிடிக்காக வெட்டியிருக்கும் சொரசொரப்பு உள்ளங்கையில் உரசி, விரல்களின் அடியில் நான்கு இடத்தில் காய்ப்பு வந்திருக்கிறது. உலக்கை பிடித்த என் அம்மாவின் கையிலும் அதே இடத்தில்தான் இருந்தது. சர்க்கரை 5.8க்கு வந்துவிட்டது. ராத்திரி இட்லி தோசையோடு புரதத்துக்காக ஒரு முட்டையோ சுண்டலோ சேர்த்துக்கொள்கிறேன். பிரஷர், இதய நோய், ஏற்கெனவே எலும்பு முறிந்தது என்று இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் விஷயம் தெரிந்தவர் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும்.

"கை ஆம்பளை மாதிரி ஆயிரும்" என்று பயமுறுத்துகிறார்கள். ஆகாது. தசையைப் பெருக்கும் ஆண் ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோன். சராசரியாகப் பார்த்தால் பெண்ணின் உடம்பில் இருக்கும் அந்த ஹார்மோன் ஆணுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

டெஸ்டோஸ்டிரோன் என்றதும் என் அண்ணன் மகனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 24 வயது, நல்ல பிள்ளை. ஜிம்முக்குப் போக ஆரம்பித்து ஆறே மாதத்தில் தோளும் மார்பும் புடைத்துவிட்டன. கூடவே முதுகு முழுக்கப் பரு, வீட்டில் எதற்கெடுத்தாலும் சண்டை. பையில் ஊசி மருந்தைப் பார்த்துவிட்டு அவன் அம்மா எனக்குப் போன் செய்தாள். நான் கேட்டதற்கு, "அத்தை, அது வெறும் வைட்டமின்தான்" என்றான். அது டெஸ்டோஸ்டிரோன். வெளியிலிருந்து ஹார்மோன் வந்து கொட்டினால், போதும் என்று மூளை சுரப்பிக்கு உத்தரவு அனுப்புவதையே நிறுத்திவிடும், விரைகள் சுருங்கும், விந்தணு குறையும், நிறுத்திய பிறகும் பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும் என்று டாக்டர் சொன்னபோதுதான் அவன் முகம் மாறியது. இப்போது நிறுத்திவிட்டான். ராத்திரி ஒரு மணிவரை போன் பார்க்கும் பழக்கத்தையும் விடச் சொல்லியிருக்கிறேன். ஒரு வாரம் தினமும் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கிய இளைஞர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்ததாக 2011இல் சிகாகோவில் கண்டுபிடித்திருக்கிறார்கள். தொப்பை இருந்தால், அந்தக் கொழுப்பே டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. எடை தூக்கியவுடன் ஹார்மோன் எகிறும் என்று ஜிம் பவுடர் டப்பாவில் எழுதி விற்கிறார்களே, அந்த ஏற்றம் ஒரு மணி நேரம்கூட நிற்காது. தூக்கம், தொப்பையைக் குறைப்பது, வருஷக்கணக்கில் விடாத பயிற்சி, இந்த மூன்றையும் எந்தக் கடையிலும் விற்பதில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அறிவுரையில் வாரம் 150 நிமிடம் நடப்பது போன்ற பயிற்சியோடு, வாரம் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் இருக்கிறது. முதல் பாதியை எல்லோரும் எழுதுகிறீர்கள், இரண்டாம் பாதி காணாமல் போய்விடுகிறது. தமிழக அரசு 2023 நவம்பரில் 38 மாவட்டங்களிலும் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று எட்டு கிலோமீட்டர் நடைபாதை திறந்தது, நல்ல காரியம். அந்தப் பாதையின் ஓரத்திலேயே தொங்குவதற்கு ஒரு கம்பி, ஏறி இறங்க ஒரு திண்டு, தூக்கி வைக்க நாலைந்து அளவில் உருண்டைக் கல் போட்டால் என்ன? நெல்லைப் பக்கத்து ஊர்களில் பொங்கலுக்கு இப்போதும் இளவட்டக்கல் தூக்குகிறார்கள், பெண்களும் தூக்குகிறார்கள். நமக்கு இது புதுசில்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். 45 வயதைத் தாண்டிய பெண்கள் வீட்டில் இருப்பதை வைத்தே எப்படி ஆரம்பிக்கலாம் என்று ஒரு பிசியோதெரபிஸ்டை வைத்து நாலு வாரத் தொடர் போடுங்கள். படத்துக்கு இருபது வயது மாடல் வேண்டாம். எங்கள் ஜிம்மில் காலைக் குழுவில் ஏழு பேர் இருக்கிறோம், மூத்தவருக்கு 67 வயது. செவ்வாய், வெள்ளி ஆறரை மணிக்கு உங்கள் போட்டோகிராபர் வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோவில்பட்டி.