4,000 இலங்கை ரூபாய் எத்தனை இந்திய ரூபாய்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர்கள் பற்றிய கட்டுரையை வெளியிட்டதற்கு நன்றி. ஆனால் அதிலுள்ள ஓர் எண்ணைத் திருத்தியே ஆகவேண்டும். திரும்புகிற குடும்பம் எடுத்துச் செல்லக்கூடிய தொகையின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே இறக்குவதில்லை என்று இரு நாட்டுப் பிரதமர்களும் 1964 அக்டோபரில் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கை ஒப்புக்கொண்டது. இந்த 4,000-ஐக் கட்டுரையாளர் "நம் பணத்தில் சுமார் 1,140 ரூபாய்" என்கிறார். இன்று ஓர் இந்திய ரூபாய்க்கு ஏறக்குறைய மூன்றரை இலங்கை ரூபாய் என்பதை வைத்து வகுத்திருக்கிறார்.

ஒப்பந்தம் கையெழுத்தான அன்று இலங்கை ரூபாயும் இந்திய ரூபாயும் சரிசமம். 4,000 கொடுத்தால் 4,000. இது ஏதோ ஓர் ஆண்டில் தற்செயலாக அமைந்ததல்ல. 1884-இல் இலங்கையில் அரசே நோட்டு வெளியிடச் சட்டம் வந்ததிலிருந்து அந்த ரூபாய் இந்திய ரூபாயோடு பிணைந்தே இருந்தது. 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பு குறைக்கப்பட்டபோது இரண்டும் சேர்ந்தே இறங்கின, டாலருக்கு 3.31 என்றிருந்தது இரு நாட்டிலும் 4.76 ஆனது. 1950-இல் இலங்கை மத்திய வங்கி வந்த பிறகும் அந்தச் சமம் குலையவில்லை.

குலைந்தது 1966 ஜூன் 6 அன்று. இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, டாலர் 4.76-இலிருந்து 7.50 ஆனது. இலங்கை அசையவில்லை, 4.76-லேயே நின்றது. இரு நாட்டு ரூபாய்க்கும் இடையிலான விகிதம் வேண்டுமென்றால் இந்தியாவின் டாலர் விலையை இலங்கையின் டாலர் விலையால் வகுக்க வேண்டும். 7.50 ÷ 4.7619 = 1.575. அதாவது ஓர் இலங்கை ரூபாய்க்கு இந்தியாவில் ஒரு ரூபாய் ஐம்பத்தேழரைக் காசு. அதே 4,000-ஐ 1966 மே மாதம் மாற்றினால் 4,000. ஜூலையில் மாற்றினால் 6,300. இலங்கை ரூபாய் நம்முடையதைவிட உயர்ந்து நின்ற காலம் ஒன்று உண்டு என்பதே இன்று பலருக்கு நம்பமுடியாததாக இருக்கிறது.

அடுத்த திருப்பம் 1967 நவம்பர். பவுண்டு 2.80 டாலரிலிருந்து 2.40-க்கு இறங்கியதும் இலங்கை தன் ரூபாயை 20 விழுக்காடு குறைத்து, டாலருக்கு 5.95 ஆக்கியது. இந்தியா இம்முறை சேரவில்லை. 7.50 ÷ 5.95 = 1.26, 4,000 இப்போது சுமார் 5,040.

இங்கே விழுக்காட்டில் பலர் வழுக்கி விழுகிறார்கள். 1966-இல் இந்திய ரூபாய் 36.5 விழுக்காடு குறைக்கப்பட்டது என்று படித்துவிட்டு 4.76-ஐ 1.365-ஆல் பெருக்கினால் 6.50 வரும், அது தவறு. 36.5 என்பது ரூபாயின் மதிப்பில் விழுந்த பங்கு. டாலரின் விலை வேண்டுமென்றால் மிச்சமிருக்கும் 0.635-ஆல் வகுக்க வேண்டும், 7.50 வரும். டாலர் விலையில் ஏறியது 57.5 விழுக்காடு. இலங்கையின் 20 விழுக்காடும் அப்படியே: 4.76-ஐ 0.8-ஆல் வகுத்தால் 5.95. 36.5, 57.5 என்ற இரண்டு எண்களும் ஒரே நிகழ்வைத்தான் சொல்கின்றன. எந்தப் பக்கத்திலிருந்து என்பதைப் பார்க்க வேண்டும்.

1968 மே மாதத்திலிருந்து கணக்கு இன்னும் சிக்கல். இலங்கை இரட்டை விகிதம் கொண்டுவந்தது. தேயிலை, ரப்பர், தேங்காய் ஏற்றுமதிக்கும் அரிசி, மாவு போன்ற அத்தியாவசிய இறக்குமதிக்கும் பழைய 5.95, மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு, ‘ஃபீக்ஸ்’ என்று அழைக்கப்பட்ட செலாவணி உரித்துச் சான்றிதழுக்காக (வெளிநாட்டுப் பணம் வாங்க உரிமை தரும் சீட்டு) அதன்மேல் 44 விழுக்காடு. அந்தக் கூடுதல் பிறகு 55, 65 என்று ஏறியது. 44 விழுக்காட்டில் டாலர் 8.57, ஓர் இலங்கை ரூபாய்க்கு நம் 87 காசுதான். ஒரே நாளில் ஒரு விகிதப்படி 4,000 என்பது 5,040, மற்றதன்படி 3,500. ஆகவே இந்தக் காலத்துப் பணத்தைப் பற்றி எழுதுகிறவர், அது எந்த விகிதத்தில் மாறியது என்பதை வங்கி ரசீதைப் பார்த்தே சொல்லவேண்டும். ரசீதில் இரு நாட்டுத் தொகையும் இருந்தால் ஒன்றை மற்றதால் வகுத்தாலே தெரிந்துவிடும்.

தேதியிலும் கவனம் தேவை. கடவுச்சீட்டில் உள்ள தேதி உதவாது. பணம் மாறிய தேதிதான் கணக்கு. சேமலாப நிதியும் (நம் ஊர் வருங்கால வைப்பு நிதி போன்றது) பணிக்கொடையும் குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறிய பிறகு தனியாக வந்திருந்தால், அவற்றுக்கு வந்த நாளின் விகிதம். ஆண்டுச் சராசரியை எடுப்பதும் இங்கே ஆபத்து. 1966-க்கு இந்திய ரூபாயின் சராசரி என்று அட்டவணைகளில் ஆறு ரூபாய்ச் சொச்சம் இருக்கும். அந்த விகிதத்தில் அதிகாரபூர்வமாக ஒருவரும் ஒரு நாளும் டாலர் வாங்கியதில்லை. ஜூன் 6-க்கு முன் 4.76, பின் 7.50, நடுவில் எதுவும் கிடையாது.

1957 ஏப்ரலுக்கு முந்தைய தாள்களை எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: இலங்கையில் 1872 முதலே ரூபாய்க்கு 100 சதம், இந்தியாவில் அதுவரை 16 அணா. ஆறு அணா என்றால் முப்பத்தேழரைச் சதம். ஆறு சதம் என்று படித்துக் கூட்டினால் மொத்தமே கெட்டுவிடும்.

1977 நவம்பரில் இலங்கை இரட்டை விகிதத்தைக் கைவிட்டு டாலரை 16 ரூபாய் அளவில் வைத்த பிறகுதான் அந்த ரூபாய் நம் அரை ரூபாய் அளவுக்கு இறங்கியது. அதற்கு முன் வந்தவர்கள் கையில் இருந்த பணத்தை இன்றைய விகிதத்தால் சுருக்குவது, அவர்கள் தோட்டத்தில் உழைத்துச் சேர்த்ததையே சுருக்குவதாகும். இணையப் பதிப்பிலாவது அந்த 1,140-ஐ நீக்கிவிட்டு, 1964-க்கு 4,000, 1966 ஜூனுக்குப் பின் 6,300, 1967 நவம்பருக்குப் பின் அதிகாரபூர்வ விகிதத்தில் 5,040 என்று திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி.